கரைந்துகொண்டிருக்கும் கற்காலம்

2013 மே மாதம், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த ஹேஸ்பரா என்ற சிற்றூரில், புயலலைகள் கடற்கரை மணலை வாரிக்கொண்டு போயின. மணலுக்கு அடியில் கிடந்த பழைய வண்டல் படுகை வெளியே தெரிந்தது. அதன் மேல் நீள்வாக்கில் சிறு சிறு குழிகள். நிலத்தடி அளவைக்காக அங்கே வந்திருந்த ஆய்வாளர்கள் அவற்றை மனிதக் காலடித் தடங்கள் என்று ஐயுற்றார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த நிக் ஆஷ்டனும் அவருடைய குழுவினரும் ஓதம் இறங்கிய இடைவேளைகளில் ஓடிவந்து, குழிகளில் தேங்கிய மழைநீரை வெளியேற்றிவிட்டுப் பல கோணங்களில் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களைக் கணினியில் ஒன்றுசேர்த்து முப்பரிமாணப் பதிவு ஒன்றை உருவாக்கினார்கள். இரண்டு வாரத்துக்குள் தடங்கள் முற்றிலும் அழிந்துவிட்டன. 2014 பிப்ரவரியில் ஆய்வுக்கட்டுரை வெளியானபோது, பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அந்தத் தடங்களின் வயது எட்டரை லட்சம் முதல் ஒன்பதரை லட்சம் ஆண்டுகள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுவரை அறியப்பட்ட காலடித் தடங்களில் அவையே மிகப் பழையவை. ஏறத்தாழ ஐம்பது குழிகள். குறைந்தது ஐந்து பேர், பெரியவர்களும் குழந்தைகளும். அக்காலத்தில் அவ்வழியே கடலில் கலந்த தேம்ஸ் ஆற்றின் கழிமுகச் சேற்றில் அவர்கள் பெரும்பாலும் தெற்கு நோக்கி நடந்திருக்கிறார்கள். பாதத்தின் நீளத்தைக் கொண்டு உயரம் கணித்ததில், 90 சென்டிமீட்டர் முதல் 1.7 மீட்டர் வரை வந்தது. இவற்றைச் சொல்ல ஓர் எலும்பும் தேவைப்படவில்லை, ஒரு கருவியும் தேவைப்படவில்லை. குழிக்கும் குழிக்கும் உள்ள தொலைவும் சாய்வும் ஆழமுமே சான்று.

கடலோரத் தொல்லியலுக்குப் பருவநிலை மாற்றத்தால் வரும் கேட்டைப் பேசும்போது நாம் பெரும்பாலும் பொருள்களையே நினைக்கிறோம். கோயில் மூழ்கும், கோட்டை இடியும், சிலை அடித்துச் செல்லப்படும் என்கிறோம். வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பொறுத்தவரை இழப்பு அவ்வளவு எளிதாகக் கண்ணில் படுவதில்லை. கல்லுக்குக் கேடில்லை, அலை புரட்டினாலும் அது கல்லாகவே கிடக்கும். போவது, அந்தக் கல் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில், எதற்கு மேலே கிடந்தது என்ற ஒழுங்கு. எழுத்து இல்லாத காலத்துக்கு அந்த ஒழுங்கைத் தவிர வேறு ஆவணம் கிடையாது. அருங்காட்சியகங்கள் நிறைந்துகொண்டே இருக்கும்போதும் அறிவு குறைந்துகொண்டே போகலாம். இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

ஹேஸ்பரா இன்னொரு சங்கடத்தையும் காட்டுகிறது. அங்குள்ள செங்குத்துக் கரை மண்ணாலும் மணலாலும் ஆனது. கல்லின் உறுதி அதற்கு இல்லை. முன்பு போட்ட மரத்தடுப்புகள் சிதைந்த பிறகு, நெடுங்காலத்துக்கு அந்தக் கரையைச் செலவு செய்து காப்பதில்லை என்று அரசு முடிவு செய்தது. வீடுகள் ஒவ்வொன்றாக விளிம்புக்கு வந்து விழுந்தன. கரையைக் காக்காமல் விட்டதால்தான் அடியிலிருந்த வண்டல் திறந்தது. வலுவான சுவர் கட்டியிருந்தால் அந்த வீடுகள் பிழைத்திருக்கும். தடங்கள் எவர் கண்ணிலும் பட்டிருக்காது. கண்டுபிடித்துக் கொடுப்பதும் அழிப்பதும் ஒரே அரிப்புதான். இந்த உண்மையை மறைத்துவிட்டு, கடலை வெறும் பகையாக வைத்து எழுதப்படும் கட்டுரைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

‘கடல் எப்போதுமே ஏறி இறங்கியதுதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பிரிட்டனும் ஐரோப்பாவும் ஒரே நிலமாக இருந்தன. அவற்றை இணைத்த தாழ்நிலத்தை இன்று டாகர்லாந்து என்கிறார்கள். வடகடல் அதை மெல்ல மெல்ல மூடியது. 1931-ல் கொலிண்டா என்ற மீன்பிடிப் படகின் வலையில் சிக்கிய மக்குமண் கட்டிக்குள் மான்கொம்பில் செதுக்கிய முள்முனை ஒன்று இருந்தது. அந்தக் கடலடியில் மனிதர் வேட்டையாடித் திரிந்தார்கள் என்பதற்கு அது சாட்சியானது. சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன் நார்வே கரைக்கு அப்பால் ஸ்டோரெகா என்ற இடத்தில் கடலடிச் சரிவு நேர்ந்தது. அது கிளப்பிய ஆழிப்பேரலை அந்த நிலத்தில் எஞ்சியிருந்த திட்டுகளையும் தாக்கியது.

ஆக, கற்காலக் கடற்கரைகளில் பெரும்பகுதி ஏற்கெனவே நீருக்கு அடியில்தான் இருக்கிறது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் உலகளவில் கடல்மட்டம் இன்றைய நிலைக்கு அருகே வந்து ஓரளவு நின்றது. அதற்குப் பிறகு கரையோரத்தில் படிந்தவையும், ஹேஸ்பராவைப் போல நிலத்தின் அடியில் தற்செயலாகத் தப்பியவையும்தான் நம் கையில் இருக்கின்றன. அந்த மிச்சம்தான் இப்போது போகிறது. பருவநிலை மாற்றம் குறித்த அரசுகளுக்கிடையேயான குழு தன் ஆறாவது அறிக்கையில் தந்த கணக்குப்படி, 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகச் சராசரிக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம், 2006-க்குப் பிறகு 3.7 மில்லிமீட்டர் ஆனது. உமிழ்வு மிக அதிகமாகத் தொடர்ந்தால் 2100-க்குள் 63 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உயரலாம். ஆனால் மில்லிமீட்டர் கணக்கு மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கடல் ஒரு சாண் உயர்ந்தால், முன்பு கரையின் பாதத்தில் மோதித் திரும்பிய புயலலை இப்போது அதன் நெஞ்சில் மோதும். அரிப்பு ஆண்டு முழுவதும் சீராக நடப்பதில்லை. இரண்டொரு இரவுகளில் மொத்தமாக நடந்து முடிகிறது.

இதை மிகத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஓர்க்னி தீவுக்கூட்டம். பனியூழியின் பனிப்பாளம் ஸ்காட்லாந்தின் நடுப்பகுதியில்தான் மிகக் கனமாக இருந்தது. பாரம் நீங்கியதும் அங்கே நிலம் எழத் தொடங்கியது, இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. விளிம்பில் இருந்த ஓர்க்னிக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. உயரும் கடலை அது ஈடு இல்லாமல் எதிர்கொள்கிறது. அங்கே மரம் அரிது. தட்டையாகப் பிளக்கும் மணற்கல் தாராளம். அதனால் 5,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் வீட்டை மட்டுமல்ல, கட்டிலையும் அலமாரியையும்கூடக் கல்லிலேயே செய்தார்கள். மரச்சாமான்களாக இருந்திருந்தால் மண்ணோடு மக்கியிருக்கும்.

ஸ்காரா பிரே என்ற ஊர் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. 1850-ன் குளிர்காலப் புயல் ஸ்கெயில் விரிகுடாவின் மணல்மேட்டைப் பிய்த்தபோது கற்சுவர்கள் தெரிந்தன. நிலக்கிழார் வில்லியம் வாட் நான்கு வீடுகளை வெளிக்கொணர்ந்தார். 1924-ல் அந்த இடம் அரசுப் பாதுகாப்புக்கு வந்தது; அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு புயல் ஒரு வீட்டின் பகுதியை அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகுதான் கடற்சுவர் எழுந்தது. 1927 முதல் கார்டன் சைல்டு அங்கே அகழாய்வு நடத்தினார். புதிய கற்காலப் புரட்சி என்ற கருத்தை உலகுக்குத் தந்தவர் அவர்தான். கண்டது புயல், கட்டாயப்படுத்தியது புயல், சுவர் கட்டவைத்ததும் புயல்.

இன்று அங்கே போகிற பயணி, கடலை ஒட்டியே வாழ்ந்த மீனவர் குடியிருப்பு என்று நினைத்துக்கொள்வார். உண்மை வேறு. ஊர் கட்டப்பட்ட நாளில் கடல் தள்ளியிருந்தது. இடையே நன்னீர்க் குட்டையும் மணல்மேடுகளும் இருந்தன. கடல்தான் ஊரைத் தேடி வந்திருக்கிறது. வீடுகளோ வெறும் தரையில் எழுப்பப்பட்டவை அல்ல. முன்பே குவிந்திருந்த குப்பைமேட்டைத் தோண்டி, அதற்குள் பொதித்துக் கட்டியவை. குளிருக்கு அந்தக் குப்பையே போர்வை. சாம்பல், சிப்பி ஓடு, விலங்கெலும்பு, உடைந்த பானை எல்லாம் மண்ணோடு இறுகிய அந்த மேடுதான் ஆய்வாளருக்கு உண்மையான புதையல். எந்தப் பருவத்தில் என்ன தின்றார்கள், எப்போது கால்நடை பெருகியது, எப்போது அருகியது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பயணிகள் கற்கட்டிலைப் படம் எடுக்கிறார்கள். கடல் முதலில் தின்பது குப்பையை.

கடற்சுவர் ஊரைக் காத்தது, இதில் ஐயமில்லை. ஆனால் சுவரின் இரு முனைகளுக்கு அப்பால் கரை பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது. நம் ஊர்களில் ஒரு மீனவக் குப்பத்துக்குத் தூண்டில் வளைவு போட்டால் அடுத்த குப்பத்து மணல் போகிற கதைதான். போகப்போக ஸ்காரா பிரே, கடலுக்குள் நீண்ட ஒரு மூக்கின் நுனிபோல நிற்க நேரலாம். 2019-ல், உலக மரபுச் சின்னங்களுக்கான பருவநிலை நலிவுக் குறியீட்டைக் கொண்டு ஓர்க்னியின் புதிய கற்காலச் சின்னங்களை மதிப்பிட்டார்கள். பண்பாட்டுச் சின்னம் ஒன்றுக்கு அந்த முறை பயன்பட்டது அதுவே முதல் தடவை. கடல்மட்டம், மழைப்பொழிவு, புயலின் வலிமையும் எண்ணிக்கையும் என மூன்று காரணிகளை எடுத்துக்கொண்டு, அந்தச் சின்னங்கள் மிக மிக நலிவான நிலையில் உள்ளன என்று முடிவுக்கு வந்தார்கள்.

ஸ்காரா பிரேக்குச் சுவர் இருக்கிறது, உலக மரபுப் பட்டியலில் இடம் இருக்கிறது, உலகின் கண் இருக்கிறது. அதே தீவுக்கூட்டத்தில் ரௌசே தீவின் கரையில் உள்ள ஸ்வாண்ட்ரோவுக்கு இவற்றில் எதுவுமே அந்த அளவுக்கு இல்லை. அது கூழாங்கல் கரையின் மேலேயே இருக்கிற மேடு. அடியில் புதிய கற்காலக் கல்லறை, மேலே இரும்புக்கால வட்ட வீடுகள், அதற்கும் மேலே பிக்ட் மக்களின் காலம், பிறகு வைக்கிங் காலம். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டு வாழ்க்கை. கடல் வருவது பக்கவாட்டில் என்பதால், மேலிருந்து கீழாக ஒழுங்காகத் தின்னாமல், எல்லாக் காலத்தையும் ஒரே கடியில் கடிக்கிறது. பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் டாக்ரில், ஜூலி பாண்ட் இருவரும் 2010 முதல் பல கோடைகளில் அங்கே தோண்டினார்கள். குளிர்காலம் வருமுன் தோண்டிய இடத்தை மூடிப் பாரம் ஏற்றிவிட்டுப் போக வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது எவ்வளவு மிச்சம் என்பது புயலின் கையில்.

அங்கே 2018-ல் வெளியான ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை, அது கற்காலத்தைச் சேர்ந்தது அல்ல என்றாலும். பிக்ட் காலத்துக் கொல்லன் பட்டறை ஒன்றில், பட்டறைக்கல்லாக இருந்த கல்லைச் சுத்தம் செய்தபோது, அதன் மேல் கரிய அடையாளங்கள் தெரிந்தன. செம்பு வேலை செய்தவன் கரிபடிந்த கையை ஊன்றிய தடமும் முழங்கால் பதிந்த தடமும் அவை. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மண் அதைத் துடைக்காமல் வைத்திருந்தது. அந்தக் கல் அலையில் புரண்டு கூழாங்கற்களிடையே கிடந்திருந்தால் யாரோ ஒருவர் நல்ல கல் என்று எடுத்துப்போய் வேலிச்சுவரில் வைத்திருப்பார். கல் அதே கல்லாகத்தான் இருந்திருக்கும்.

வெஸ்ட்ரே தீவின் நோல்ட்லேண்ட் மணல்வெளியில் தின்பது அலையைவிடக் காற்று. மேலே புல் பிடித்திருக்கும்வரை மணல்மேடு அசையாது. புல் போனால் காற்று அடியிலிருந்தே உறிஞ்சிக்கொண்டு போய், கற்கால நிலமட்டத்தை அப்படியே திறந்து வைக்கிறது. அங்கே 2009-ல் கிடைத்த, நாலு சென்டிமீட்டர் அளவே உள்ள மணற்கல் உருவம்தான் ஸ்காட்லாந்தில் அறியப்பட்ட மிகப் பழைய மனித உருவம். செய்தித்தாள்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. அதே இடத்தில் ஒரு கட்டடத்தின் அடித்தளச் சுவருக்குள் 28 மாட்டு மண்டையோடுகளை ஒழுங்காக அடுக்கிப் புதைத்திருந்தார்கள். என்னைக் கேட்டால், இரண்டில் கனமான செய்தி இதுதான். உருவம் அழகானது; மண்டையோடுகளின் வரிசையோ ஒரு சடங்கு. அந்த வரிசை காற்றில் குலைந்திருந்தால், மிஞ்சுவது மாட்டெலும்புக் குவியல்.

சாண்டே தீவில் மேர் என்ற இடத்தில் நடந்தது வேறு வகை. 2005 ஜனவரிப் புயல் அங்கே வெண்கலக்காலக் கட்டமைப்பு ஒன்றைக் கரையில் திறந்தது. கற்களைச் சூடாக்கி நீரில் போட்டு நீரைக் கொதிக்கவைத்த இடம் அது. வெடித்த கற்கள் மேடாகக் குவிந்திருக்கும். அந்த இடத்தில் அதைக் காக்க வழியே இல்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்கும் ஸ்கேப் அமைப்பும் ஊர்மக்களும் சேர்ந்து, கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, தீவின் மரபு மையத்துக்கு அருகே 2014-ல் திரும்பக் கட்டினார்கள். இடத்தை இழந்துதான் பொருளைக் காத்தார்கள். ஆனால் கண்திறந்து இழந்தார்கள். பெயர்க்கும் முன் ஒவ்வொரு கல்லின் இடத்தையும் பதிந்துகொண்டார்கள். ஸ்காட்லாந்தின் கரைநெடுக ஊர்க்காரர்களே நடந்துபோய், பதிவேட்டில் உள்ள இடம் இன்னும் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதி அனுப்பும் வழக்கத்தை இதே அமைப்புதான் வளர்த்தது. தொல்லியலாளர் ஆண்டுக்கு ஒருமுறை வருவார். நாய்க்கு நடைப்பயிற்சி தருபவர் தினமும் வருவார். புயலுக்கு மறுநாள் காலை யார் கரையில் இருக்கிறார்களோ அவர்களே முதல் ஆய்வாளர்கள்.

வடக்கே இன்னும் போனால், கடல் தொடுவதற்கு முன்பே அழிவு தொடங்கிவிடுகிறது. கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் கஜா என்ற இடத்தில் சக்காக் பண்பாட்டு மக்கள் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் போட்ட குப்பைமேடு இருக்கிறது. உறைந்த மண் என்பதால் கற்கருவியின் மரப்பிடிகூட அப்படியே கிடைக்கிறது. வெப்பநாடுகளில் நாம் கனவில்கூட எதிர்பார்க்க முடியாதது. மண் இளகினால் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். கோபன்ஹேகனிலுள்ள டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் யோர்கன் ஹொல்லேசனும் அவருடைய குழுவினரும் 2015-ல் ஒன்றைக் காட்டினார்கள்: மக்கும்போது நுண்ணுயிர்கள் வெளியிடும் வெப்பமே சுற்றியுள்ள மண்ணை மேலும் இளக்குகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு வெளியே வெயில் கூடவேண்டிய தேவையும் குறைகிறது. வைக்கோல் போர் தனக்குள்ளேயே சூடேறுவதை அறிந்தவர்களுக்கு இது வியப்பல்ல. மேட்டின் உருவம் வெளியே மாறாது. தொலைவிலிருந்து பார்த்தால் எல்லாம் நலம். உள்ளே மரமும் தோலும் முடியும் கூழாகிக்கொண்டிருக்கும்.

அலாஸ்காவில் யூப்பிக் மக்களின் குவின்ஹாகக் ஊருக்கு அருகே நூனாலெக் என்ற இடம். எழுதப்பட்ட வரலாறு அங்கே மிகப் பிந்தி வந்ததால், நானூறு ஐந்நூறு ஆண்டு முன்பு என்பதே வரலாற்றுக்கு முந்தைய காலம். கரையோரம் மரப்பொருள்கள் ஒதுங்கத் தொடங்கியதும், ஊர்மக்களே ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் ரிக் நெக்டை அழைத்தார்கள். 2009-ல் தொடங்கிய அகழாய்வில் முகமூடிகள், பொம்மைகள், புல்லால் முடைந்த கூடைகள் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்கள் கிடைத்தன. 2018-ல் ஊரிலேயே அருங்காட்சியகம் திறந்து, அனைத்தையும் அங்கேயே வைத்தார்கள். மூதாதையரின் இடத்தைத் தோண்டலாமா என்ற தயக்கம் ஊரில் இருந்தது. கடல் கொண்டுபோவதைவிட நாம் எடுப்பது மேல் என்பதே அதற்கு அவர்கள் கண்ட விடை.

அந்தக் கரைக்கு முன்பு இரண்டு காவல்கள் இருந்தன. நிலத்துக்குள் உறைபனி, இலையுதிர்காலப் புயல்களின்போது கடல்மேல் உறையும் பனிப்பலகை. பலகை இருந்தால் அலை எழும்பாது. இப்போது அது தாமதமாக உறைகிறது, மண்ணும் இளகியிருக்கிறது. 2025 அக்டோபரில், ஹாலோங் சூறாவளியின் எச்சம் மேற்கு அலாஸ்காவைத் தாக்கியபோது, நூனாலெக் கரையில் பதினெட்டு மீட்டர் அளவுக்கு நிலம் ஒரே வீச்சில் போனது. கடற்கரையில் சிதறிக் கிடந்தவற்றில் ஆயிரம் அளவுக்கு ஊர்மக்கள் பொறுக்கி மீட்டார்கள். மீட்ட முகமூடி முகமூடிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது எந்த வீட்டில், எந்தத் தரையில், எந்தப் பொருளோடு கிடந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

மத்தியதரைக் கடலில், மார்செய் அருகே உள்ள கோஸ்கே குகையை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் வாய் கடலுக்கு அடியில் 37 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. முக்குளிப்பவரான ஆன்றி கோஸ்கே கண்டுபிடித்து 1991-ல் வெளியே சொன்னார். உள்ளே நீர் எட்டாத உயரத்தில் குதிரைகள், கடல்நாய்கள், இன்று அற்றுப்போன பெரிய ஆக் பறவைகள், கைத்தடங்கள். மிகப் பழையவை 27,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. குகையின் ஐந்தில் நான்கு பங்கு ஏற்கெனவே நீரில். மிஞ்சிய சுவர்களில் நீர் மெல்ல ஏறுகிறது. குதிரைகளின் கால்களை அது தொட்டுவிட்டது. அங்கே சுவர் கட்ட முடியாது, பெயர்த்தெடுக்க முடியாது. செய்ய முடிந்தது, ஒவ்வொரு கீறலையும் முப்பரிமாணத்தில் பதிவதும் அதை வைத்து நகல் செய்வதும். 2022 ஜூனில் மார்செய் நகரில் நகல்குகை திறக்கப்பட்டது. நகல் என்று இளக்காரமாகப் பேசுவது எளிது. ஆனால் அசலுக்குள் நுழையக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அந்த ஓவியங்களைப் பொறுத்தவரை இனி நகல்தான் பொதுச்சொத்து.

எத்தனை இடங்கள் இப்படி? எண்கள் உண்டு. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் கடல் ஒரு மீட்டர் உயர்ந்தால், பதிவேட்டிலுள்ள 13,000-க்கும் மேற்பட்ட தொல்லியல் இடங்கள் மூழ்கும் என்று 2017-ல் ஒரு குழு கணக்கிட்டது. மத்தியதரைக் கடலோரத்தில் தாழ்வான கரையில் உள்ள 49 உலக மரபுச் சின்னங்களில், நூற்றாண்டுக்கொரு முறை வரும் அளவான வெள்ளத்தால் 37-க்கும், அரிப்பால் 42-க்கும் இப்போதே ஆபத்து என்றது 2018-ல் வெளியான இன்னோர் ஆய்வு. இந்த எண்களை மதிக்கிறேன். ஆனால் இவை பட்டியலின் எண்கள். கற்காலக் கரையோர இடங்களின் இயல்பே, திறக்கும்வரை பட்டியலில் வராமல் இருப்பது. ஹேஸ்பராவின் தடங்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் எட்டரை லட்சம் ஆண்டு இருந்து, தெரிந்த இரண்டு வாரத்தில் போயின. சட்டமும் பணமும் பட்டியலின் பின்னால் போவதால், புகழ்பெற்ற இடத்துக்குச் சுவரும் புகழ்பெறாத இடத்துக்கு அனுதாபமும் கிடைக்கின்றன. ஒரு சுவருக்கு ஆகும் செலவில் எத்தனை ஸ்வாண்ட்ரோக்களை, முழுமையாக இல்லாவிட்டாலும் ஓர் அகழ்குழி அளவுக்காவது, படித்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டும். அகழாய்வும் ஓர் அழிப்புதான். தோண்டிய அடுக்கு திரும்ப வராது. என்றாலும் எழுதிக்கொண்டே அழிப்பதற்கும் எழுதாமல் அழிவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. எல்லாவற்றையும் காப்போம் என்று சொல்லும் அறிக்கைகள், எதை விடப்போகிறோம் என்ற முடிவைப் புயலிடம் ஒப்படைக்கின்றன.

இந்த விவாதத்தில் தமிழகக் கரை வரும்போது பூம்புகாரும் மாமல்லபுரமும்தான் நினைவுக்கு வரும். இரண்டும் வரலாற்றுக் காலம். கற்காலத்துக்கு நம்மிடம் இருப்பது தேரி. தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரையோரத்தின் செம்மணல் மேடுகளில் நுண்கற்கருவிகள் இருப்பதை 19-ம் நூற்றாண்டிலேயே நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கவனித்தார். 1956-ல் ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் சாயர்புரம், மெஞ்ஞானபுரம், நாசரேத், குட்டம்புளி போன்ற இடங்களை ஆராய்ந்து விரிவான கட்டுரை எழுதினார்கள். குவார்ட்ஸிலும் செர்ட்டிலும் செய்த சின்னஞ்சிறு பிறைவடிவக் கருவிகள், அம்புமுனைகள். கடலோரத்தில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்களுடையவை என்று கருதப்படுகிறது. காலத்தைக் கணிக்க அவர்கள் பிடித்த கயிறு பழைய கடல்மட்டம்தான். கடல் இன்றையதைவிட உயர்ந்திருந்த கட்டங்களோடு மணல்மேடுகளைப் பொருத்திப் பார்த்து, ஏறத்தாழ கி.மு. 4000 என்று மதிப்பிட்டார்கள்.

தேரியைப் பொறுத்தவரை கடலை முதல் குற்றவாளியாக்குவது நேர்மையாகாது. பல மேடுகள் இன்றைய கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கின்றன. மணலைத் தொடுவது முதலில் மனிதன்: சமன்செய்தல், தோட்டம், சாலை, கரைநெடுகக் கனிம மணல் எடுப்பு. தேரி மணலில் டைட்டானியத் தாது இருக்கிறது. சாத்தான்குளம் வட்டாரத்தில் அதற்காகத் திட்டமிட்ட பெருந்தொழில் ஒன்றை 2007-ல் மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அப்போதைய வாதமெல்லாம் நிலத்தையும் பனையையும் பற்றியது, கருவிகளைப் பற்றியது அல்ல. பருவநிலை மாற்றம் இதன் மேல் இரண்டாவது பாரமாக ஏறுகிறது. வறட்சி நீண்டு மேற்பரப்புச் செடிகொடி மெலிந்தால், நோல்ட்லேண்டில் காற்று செய்த வேலையை இங்கும் செய்யும். பெருமழை கொட்டினால் செம்மணலில் ஓடைகள் ஆழமாக அறுக்கும்.

இங்கேயும் கருவி அழியாது. மணல் போனாலும் குவார்ட்ஸ் சில்லு அதே இடத்தில் தாழ்ந்து படியும். நாளைக்கும் தேரிக்காட்டில் நடப்பவர் காலடியில் கிடக்கும். ஆனால் இன்று மணலின் வயதை அறியும் வழி, ஒவ்வொரு மணியும் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்பதை அளப்பதுதான். புதைந்த மணிக்குள் ஆண்டாண்டாகச் சேரும் கதிரியக்கத் தாக்கமே அந்தக் கடிகாரம். சற்றுநேர வெயில் பட்டாலே அது பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். காற்றோ இயந்திரமோ ஒருமுறை புரட்டிப்போட்ட மேட்டிலிருந்து வரும் விடை, புரட்டப்பட்ட நாளின் தேதியாகவே இருக்கும். ஆகவே அங்கே முதலில் வேண்டியது இன்னும் கொஞ்சம் கருவி சேகரிப்பதல்ல. இன்னும் அசையாத மேடுகள் எவை என்று அடையாளம் காண்பது, அவற்றில் செங்குத்தாக ஒரு வெட்டு எடுத்து இருட்டிலேயே மணல் மாதிரிகளைக் குழாயில் அடைத்துக் காலம் கணிப்பது, எந்தக் கருவி எந்த அடுக்கில் இருந்தது என்று குறித்துக்கொள்வது. சுவரும் வேண்டாம், அருங்காட்சியகக் கட்டடமும் வேண்டாம். இரண்டு மூன்று ஆய்வுப் பருவங்களும், மேட்டை அறிந்த பனையேறிகளின் துணையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.